சேர்ந்து சரியும் கோடுகள்

முதுமையில் காது மந்தமாகிறது. பார்வை குறைகிறது. நன்றாகத் தெரிந்த பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. ஒரே மனிதரிடம், ஏறக்குறைய ஒரே காலத்தில் இவையெல்லாம் நடக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்று மற்றொன்றை இழுத்துச் செல்கிறதா, இரண்டையும் மூன்றாவதாக ஏதோ தள்ளுகிறதா, தனித்தனிக் காரணங்களால் தேய்பவை ஒரே வயதில் வந்து சேர்ந்துகொள்கின்றனவா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கவலையும் தூக்கமின்மையும், தன்மதிப்பும் மனச்சோர்வும், தனிமையும் மறதியும் என்று எந்த இணையை எடுத்தாலும் இதே கேள்வி எழுகிறது. உளவியல் மாறிகள் காலப்போக்கில் எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதை எண்களில் பிடிக்கப் பார்க்கும் புள்ளியியல், இந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது.

கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காது வேகமாக மந்தமாகிறவர்களுக்கு நினைவும் வேகமாகக் குறைகிறதா என்பது ஒன்று. இங்கே ஒப்பிடப்படுவது ஆளுக்கு ஆள் மாறும் சரிவின் வேகம். ஒருவர் வழக்கத்தைவிட அதிகமாகக் கவலைப்படும் நாளில் வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்குகிறாரா என்பது இன்னொன்று. இதில் ஒப்பீடு அவருக்கும் அவருக்கும்தான்; மற்றவர்களுக்கு வேலையில்லை. இன்று தன்மதிப்பு தாழ்ந்திருந்தால் அடுத்த ஆண்டு மனச்சோர்வு கூடுமா என்பது மூன்றாவது. அது முன்பின் பற்றியது. இந்த மூன்றுக்கும் ஒரே தரவிலிருந்து மூன்று வேறு விடைகள் வரலாம், திசைகூட மாறலாம். மூன்றையும் குழப்பிக்கொண்டதால் விளைந்த தவறுகளும் அவற்றைப் பிரித்தெடுக்கக் கண்டுபிடித்த வழிகளும்தான் இத்துறையின் வரலாற்றில் பெரும்பகுதி.

பெர்லின் முதுமை ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. உளவியலாளர் பால் பால்டஸும் சமூகவியலாளர் கார்ல் உல்ரிச் மேயரும் முன்னின்று நடத்திய ஆய்வு அது. 1990 முதல் 1993 வரை, மேற்கு பெர்லின் நகரின் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 70 வயது முதல் 103 வயது வரையுள்ள 516 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு வயதுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 43 ஆண்கள், 43 பெண்கள். தொண்ணூறைத் தாண்டியவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுவார்கள் என்பதால் அவர்களை வேண்டுமென்றே இப்படிச் சம எண்ணிக்கையில் சேர்த்தார்கள். ஒருவரை முழுமையாக அளக்க 14 அமர்வுகள் தேவைப்பட்டன. உளவியல், மருத்துவம், குடும்பம், பணநிலை எல்லாம் கேட்கப்பட்டன.

அந்த அமர்வுகளில் நடந்தவற்றில் ஒன்றைப் பார்க்கலாம். ஒரு தாளின் மேற்பகுதியில் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு எழுத்து. தாளின் மற்ற பகுதி முழுக்க இலக்கங்கள் மட்டும். முதியவர் ஒவ்வொரு இலக்கத்துக்கும் உரிய எழுத்தை மேலே பார்த்து, வாயால் வேகமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இத்தகைய சோதனைகளில் வழக்கமாகக் கையால் குறியிட வேண்டியிருக்கும். நடுங்கும் கையின் குறை மூளையின் குறையாகக் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்றால் வாயால் சொல்ல வைப்பதே சரி. புலனறி வேகத்தை அளக்கும் சோதனை இது. இதுபோல 14 சோதனைகள் வேகம், காரணஅறிவு, நினைவாற்றல், சொல்லறிவு, சரளம் ஆகிய ஐந்து திறன்களை அளந்தன. காதுக்கு வெவ்வேறு அதிர்வெண்களில் ஒலியைக் கொடுத்து எந்த அளவில் கேட்கிறது என்று குறித்தார்கள். கண்ணுக்கு அருகிலும் தூரத்திலும் எழுத்துப் பலகை.

1994ஆம் ஆண்டு உல்மன் லிண்டன்பெர்கரும் பால்டஸும் முதல் 156 பேரின் தரவை வைத்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். அறிவுத்திறனில் வயதோடு சேர்ந்து வரும் வேறுபாட்டில் 93 சதவீதத்தை, பார்வைக் கூர்மையும் கேட்கும் கூர்மையும் மட்டுமே விளக்கிவிடுகின்றன என்றது அது. உளவியலில் 93 என்ற எண் கேட்டறியாதது. மூளையின் பொதுவான தேய்வு ஒன்றே கண்ணையும் காதையும் நினைவையும் ஒருசேரக் கீழிறக்குகிறது என்ற பொதுக்காரணக் கருதுகோள் இதிலிருந்து வலுப்பெற்றது. சில ஆண்டுகளுக்கு அது முதுமை உளவியலின் மையப் பேச்சாக இருந்தது.

ஆனால் இந்த ஆய்வில் காலம் என்பதே இல்லை. ஒவ்வொருவரும் ஒருமுறைதான் அளக்கப்பட்டார். 72 வயதுக்காரரும் 98 வயதுக்காரரும் ஒப்பிடப்பட்டார்கள். 72 வயதிலிருந்து 98 வரை வந்த ஒருவர் அங்கே இல்லை. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளை ஒன்றாக நிறுத்தி அளந்தால் செருப்பின் அளவும் சொல்வளமும் நெருங்கிய ஒட்டுறவு காட்டும். கால் வேகமாக வளரும் பிள்ளை சொற்களையும் வேகமாகக் கற்கிறது என்று அதற்குப் பொருளில்லை. சராசரியாக வயதோடு கூடுகிற எந்த இரண்டும், சராசரியாக வயதோடு குறைகிற எந்த இரண்டும், பல வயதினரைக் கலந்து அளக்கும்போது ஒட்டுறவு காட்டியே தீரும். தனிமனிதர்களின் மாற்ற வேகங்களுக்கு இடையே தொடர்பு பூஜ்யமாக இருந்தாலும் இது மாறாது. 2001இல் ஸ்காட் ஹோஃபரும் மார்ட்டின் ஸ்லிவின்ஸ்கியும் இதை முதுமை ஆய்வுகளை முன்வைத்து அழுத்தமாகச் சொன்னார்கள். 2011இல் லிண்டன்பெர்கரே சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, பல வயதினரை ஒருமுறை மட்டும் அளந்த குறுக்குவெட்டுத் தரவில் வயதின் பங்கைப் பிரித்தெடுக்கும் அந்த முறையால் மாற்றத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று கணிதவழி நிறுவினார். தன் பெயரை நிலைநாட்டிய முடிவின் அடித்தளத்தைத் தானே பெயர்த்துப் பார்த்த அந்தக் கட்டுரை மதிப்புக்குரியது.

இந்தியாவிலும் இப்போது இத்தகைய தரவு இருக்கிறது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பங்காற்றும் இந்திய நெடுங்கால முதுமை ஆய்வின் முதல் சுற்றில், 2017-18இல், 45 வயதும் அதற்கு மேலும் உள்ள சுமார் 72,000 பேர் அளக்கப்பட்டார்கள். கைப்பிடி வலிமையும் சொற்களை நினைவுகூரும் திறனும் அதில் உண்டு. எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும், முதல் சுற்றை மட்டும் வைத்து இந்த இரண்டும் சேர்ந்து குறைகின்றனவா என்று சொல்ல முடியாது. 72,000 பேரிடம் ஒருமுறை கேட்பது ஒருவரிடம் இரண்டாம் முறை கேட்பதற்கு ஈடாகாது.

குறுக்குவெட்டில் இன்னொரு சிக்கல் தலைமுறை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாய் 1956இல் தொடங்கி ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களிடம் திரும்பிப் போனார். ஒரே நாளில் பல வயதினரை ஒப்பிட்டபோது அறிவுத்திறன் நடுவயதிலேயே இறங்கத் தொடங்குவதாகத் தெரிந்தது. அதே ஆட்களைத் தொடர்ந்து அளந்தபோது பெரும்பாலான திறன்கள் அறுபதை ஒட்டிய வயதுவரை நிலைத்து நின்றன. முன்னதில் சரிவாகத் தெரிந்ததில் ஒரு பங்கு, முந்தைய தலைமுறைக்குக் கிடைத்த குறைவான பள்ளிப்படிப்பு.

ஆக, ஒரே ஆளை மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும். அளந்த பின் என்ன செய்வது? எளிய வழி கழித்துப் பார்ப்பது: இரண்டாம் மதிப்பெண்ணிலிருந்து முதல் மதிப்பெண்ணைக் கழித்தால் மாற்றம். 1970இல் லீ கிரான்பாக்கும் லிட்டா ஃபர்பியும் இந்த வழியைக் கைவிடச் சொன்னார்கள். ஒரு சோதனையின் நம்பகம் 0.8 என்றும் இரண்டு அளவீடுகளுக்கு இடையே ஒட்டுறவு 0.7 என்றும் வைத்துக்கொண்டால், வித்தியாச மதிப்பெண்ணின் நம்பகம் 0.33 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதாவது மாற்றம் என்று தெரிவதில் மூன்றில் இரண்டு பங்கு அளவீட்டின் இரைச்சல். இரண்டு மாறிகளின் வித்தியாசங்களை ஒப்பிடும்போது இரைச்சலோடு இரைச்சலையே பெரும்பாலும் ஒப்பிடுகிறோம்; தொடர்பு இருந்தாலும் தெரியாமல் போகும். டேவிட் ரோகோசாவும் அவருடைய சகாக்களும் 1980களில் இதற்கு மறுப்பெழுதினார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மாறும்போதுதான் நம்பகம் இப்படிச் சரிகிறது, ஆளுக்கு ஆள் வேகம் வேறுபட்டால் வித்தியாச மதிப்பெண் நன்றாகவே உழைக்கும் என்பது அவர்கள் வாதம். மாற்றத்தை அளக்க இரண்டு முறை பார்ப்பது போதாது, மூன்றாவது நான்காவது முறையும் வேண்டும் என்பது அந்த விவாதத்தில் நிலைபெற்றது.

பல முறை அளந்த தரவுக்கு உரிய கணிதம் அதற்கு முன்பே தயாராகியிருந்தது. 1958இல் இரண்டு பேர் தனித்தனியே வளர்ச்சி வளைகோடுகளைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் லெட்யார்ட் டக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். மற்றவர், அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஹடகலியில் 1920இல் பிறந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய சி. ஆர். ராவ். பின்னாளில் வில்லியம் மெரிடித், ஜான் டிசாக், ஜான் மெக்ஆர்டில் முதலானோர் அந்த எண்ணத்தைப் புலப்படா மாறிகளைக் கையாளும் சமன்பாட்டு மாதிரிகளுக்குள் கொண்டுவந்தார்கள். அடிப்படை எளியது. ஒவ்வொரு மனிதருக்கும் அவருக்கேயான ஒரு கோடு வரையப்படுகிறது. கோடு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு சாய்கிறது என்ற இரண்டு எண்கள் அவரைக் குறிக்கின்றன. கோட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் இரைச்சல். இரண்டு மாறிகள் என்றால் ஆளுக்கு இரண்டு கோடுகள், நான்கு எண்கள். கேட்கும் திறனின் சாய்வுக்கும் நினைவின் சாய்வுக்கும் இடையே ஒட்டுறவு எவ்வளவு என்பதே மேலே சொன்ன முதல் கேள்விக்கு உரிய விடை.

பெர்லினில் அந்த விடை 2009இல் கிடைத்தது. அதே 516 பேரில் உயிரோடிருந்தவர்களைப் பதின்மூன்று ஆண்டுகள்வரை தொடர்ந்து அளந்த தரவை லிண்டன்பெர்கரும் பாவ்லோ கிஸ்லெட்டாவும் ஆராய்ந்தார்கள். அறிவுத்திறன்கள் தமக்குள் பெரிதும் சேர்ந்தே சரிந்தன: வேகம் விரைவாகக் குறைந்தவருக்கு நினைவும் சரளமும் விரைவாகவே குறைந்தன. ஆனால் காது, கண் இவற்றின் சரிவுக்கும் அறிவுத்திறன்களின் சரிவுக்கும் இடையே மிதமான தொடர்புதான் இருந்தது. 93 சதவீதம் கண்டதாகச் சொல்லப்பட்ட அந்த நெருக்கம் எங்கும் இல்லை. மூளைக்குள் ஒரு பொதுத் தேய்வு இருக்கக்கூடும். கண்ணும் காதும் அதன் நேரடிக் காட்டிகள் என்ற எண்ணம்தான் தளர்ந்தது. மங்கிய காதைப் பார்த்து மனமும் மங்கிவிட்டது என்று முதியவர்களை எடைபோடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பழக்கத்துக்கு அறிவியல் துணை இருப்பதுபோலத் தோன்றிய இடத்தில் அது இல்லை என்று தெரிந்தது சிறிய விஷயமில்லை.

முன்பின் பற்றிய கேள்விக்கு வேறொரு வரலாறு. நியூயார்க் மாநிலத்தின் கொலம்பியா கவுன்டியில் 1960இல் லியோனார்ட் ஈரானும் சகாக்களும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 875 பேரை ஆராய்ந்தார்கள். யார் மற்றவர்களைத் தள்ளுகிறார்கள், யார் சண்டை தொடங்குகிறார்கள் என்று வகுப்புத் தோழர்களிடமே கேட்டு ஒவ்வொரு பிள்ளையின் முரட்டுத்தனத்துக்கும் மதிப்பெண் போட்டார்கள். பிள்ளைக்குப் பிடித்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தாயிடம் கேட்டு அவற்றிலுள்ள வன்முறையை மதிப்பிட்டார்கள். பத்தாண்டு கழித்து 427 பேரைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 211 பேர் ஆண்கள். அந்த ஆண்களிடம், சிறுவயதில் விரும்பிய வன்முறை நிகழ்ச்சிகளுக்கும் 19 வயது முரட்டுத்தனத்துக்கும் ஒட்டுறவு 0.31. சிறுவயது முரட்டுத்தனத்துக்கும் 19 வயதில் விரும்பிய நிகழ்ச்சிகளுக்கும் 0.01. இரண்டு குறுக்கு எண்களையும் பக்கத்தில் வைத்து, தொலைக்காட்சிதான் காரணம், முரட்டுத்தனம் விளைவு என்று 1972இல் முடிவு சொன்னார்கள்.

வாதம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு மாறிகளும் ஒரே அளவு நிலைத்தவையாக இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும். முரட்டுத்தனம் பத்தாண்டுக்குப் பிறகும் தன்னோடு 0.38 அளவு ஒட்டியிருந்தது. நிகழ்ச்சி விருப்பத்துக்கு அந்த எண் 0.05 மட்டுமே. 19 வயதில் ஒருவர் என்ன பார்க்கிறார் என்பதை அவருடைய எட்டு வயது விருப்பமே முன்னறிவிக்காதபோது, எட்டு வயது முரட்டுத்தனம் மட்டும் எப்படி முன்னறிவிக்கும்? 0.01 என்ற எண்ணில் உலகத்தைப் பற்றிய செய்தி எவ்வளவு, அளவுகோலைப் பற்றிய செய்தி எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. 1980இல் ரோகோசா எழுதிய விமர்சனம் குறுக்கு ஒட்டுறவுகளை நேருக்கு நேர் ஒப்பிடும் முறையைச் செல்லாததாக்கியது. பதிலாக, நேற்றைய முரட்டுத்தனத்தைக் கணக்கில் வைத்துக்கொண்ட பிறகும் நேற்றைய நிகழ்ச்சி இன்றைய முரட்டுத்தனத்தைப் பற்றி ஏதாவது கூடுதலாகச் சொல்கிறதா என்று கேட்கும் குறுக்குப் பின்தங்கு மாதிரி நிலைபெற்றது.

தன்மதிப்பும் மனச்சோர்வும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இந்த மாதிரியையே கையாண்டன. 2013இல் ஜூலியா சோவிஸ்லோவும் உல்ரிச் ஓர்த்தும் 77 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, தன்மதிப்பு பின்னாளைய மனச்சோர்வின் மீது செலுத்தும் விளைவு -0.16 என்றும் எதிர்த்திசை விளைவு -0.08 என்றும் வந்தது. தன்மதிப்பு தாழ்வது மனச்சோர்வுக்கு முன்னோடி என்ற பொதுக்கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

ஆனால் இந்த மாதிரியில் ஒரு கலப்பு இருக்கிறது. தட்டச்சு நிலையத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவர் நிமிடத்துக்கு 20 சொல் அடிக்கிறார், 8 பிழை. தட்டச்சில் ஹையர் தேர்வு முடித்த அனுபவசாலி 60 சொல் அடிக்கிறார், 2 பிழை. ஆளோடு ஆளை ஒப்பிட்டால் வேகம் கூடக்கூடப் பிழை குறைகிறது. இப்போது இருவரையும் அவசரப்படுத்தினால் புதியவர் 25 சொல்லுக்குப் போகிறார், பிழை 11 ஆகிறது. அனுபவசாலி 70க்குப் போகிறார், பிழை 5 ஆகிறது. ஒரே ஆளுக்குள் வேகம் கூடினால் பிழை கூடுகிறது. நான்கு புள்ளிகளையும் ஒரே படத்தில் போட்டு ஒரு கோடு வரைந்தால், அனுபவ வேறுபாடு பெரிதாக இருப்பதால் கோடு கீழ்நோக்கிப் போகும். வேகமாக அடித்தால் பிழை குறையும் என்று அதைப் படித்துக்கொண்டு ஒருவர் பரீட்சை அறைக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேகத்தையும் பிழையையும் வைத்து இந்த முரணை எடுத்துக்காட்டியவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்லன் ஹமாக்கர்.

ஹமாக்கர், ரெபெக்கா குய்பர், ரவுல் கிராஸ்மன் மூவரும் 2015இல் வெளியிட்ட கட்டுரை பழைய குறுக்குப் பின்தங்கு மாதிரியை இந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டது. தன்மதிப்பு எப்போதுமே சற்றுத் தாழ்ந்தே இருக்கும் சிலர் உண்டு. அவர்களில் பலர் எப்போதுமே சற்றுச் சோர்ந்திருப்பவர்கள். ஆண்டுக்கணக்கில் மாறாத இந்த வேறுபாடும், ஒருவர் தன் வழக்கத்திலிருந்து அவ்வப்போது விலகுவதும் பழைய மாதிரியில் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. அவர்கள் சொன்ன திருத்தம் ஒவ்வொரு அளவீட்டையும் இரண்டாகப் பிரிப்பது: அந்த மனிதரின் நிலையான அளவு ஒன்று, அந்தச் சமயத்தில் அதிலிருந்து அவர் விலகிய தூரம் இன்னொன்று. முன்பின் கேள்வி விலகல்களிடம் மட்டும் கேட்கப்படுகிறது. இதற்கு ஒரே ஆளை மூன்று முறையாவது அளந்திருக்க வேண்டும். பிரித்த பிறகு பல பழைய விளைவுகள் சுருங்கின, சில மறைந்தன.

பதின்ம வயதினரின் சமூக ஊடகப் பயன்பாடு பற்றிய விவாதத்தில் இதன் பயன் நேரடியாகத் தெரிந்தது. பிரிட்டனில் 10 முதல் 15 வயதுவரையான 12,672 பேரை ஆண்டுதோறும் அளந்த தரவை ஏமி ஓர்பன், டோபியாஸ் டீன்லின், ஆண்ட்ரூ பிரிஷிபில்ஸ்கி மூவரும் இந்த முறையில் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அதிகம் பயன்படுத்தும் பிள்ளைகளைக் குறைவாகப் பயன்படுத்தும் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை விட்டு, ஒரு பிள்ளை தன் வழக்கத்தைவிட அதிகம் பயன்படுத்திய ஆண்டுக்குப் பிறகு அதன் வாழ்க்கைத் திருப்தி குறைகிறதா என்று பார்த்தார்கள். விளைவுகள் மிகச் சிறியவை. ஆண்டுக்கு ஒருமுறை கேட்ட கேள்விக்குக் கிடைத்த விடை இது. ஒரு வார அளவில் என்ன நடக்கிறது என்பது இதற்குள் வராது.

புதிய மாதிரியே எப்போதும் சரி என்றும் சொல்லிவிட முடியாது. ஓர்த்தும் சகாக்களும் 2021இல் ஏழு மாதிரிகளை ஒப்பிட்டு ஒரு நியாயமான மறுப்பை வைத்தார்கள். மற்றவர்களைவிடத் தன்மதிப்பு குறைந்தவர் பின்னாளில் சோர்வடையும் ஆபத்து கூடுதலா என்பதும் பொருளுள்ள கேள்விதான். நிலையான வேறுபாட்டைக் கழித்து எறிந்தால் அந்தக் கேள்வியும் போய்விடுகிறது. யாருக்கு உதவி தேவை என்று கண்டறிய விரும்பும் பள்ளி ஆலோசகருக்கு ஆளுக்கு ஆளுள்ள வேறுபாடு வேண்டும். எதை மாற்றினால் இந்த ஒருவர் தேறுவார் என்று கேட்கும் மருத்துவருக்கு ஆளுக்குள் நிகழும் விலகல் வேண்டும். எந்த மாதிரி என்பதைத் தரவு தீர்மானிப்பதில்லை. கேட்பவரின் தேவை தீர்மானிக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிட்டு எண்ணை மட்டும் அச்சிடும் கட்டுரைகள் இன்றும் ஏராளம்.

சாய்வையும் முன்பின்னையும் ஒன்றாகக் கையாளும் முயற்சி மெக்ஆர்டிலும் ஃபுமியாகி ஹமகாமியும் 2001இல் முன்வைத்த புலப்படா மாற்ற மதிப்பெண் மாதிரி. அதில் ஒவ்வொரு கட்டத்தின் மாற்றமும் மூன்று பாகங்களின் கூட்டுத்தொகை: தொடர்ந்து இழுக்கும் ஒரு நிலையான சாய்வு, தன் முந்தைய நிலையால் வரும் தடை அல்லது உந்துதல், மற்ற மாறியின் முந்தைய நிலையால் வரும் இணைப்பு. பெர்லின் தரவில் மார்ட்டின் லவ்டெனும் கிஸ்லெட்டாவும் லிண்டன்பெர்கரும் 2005இல் இதைக் கொண்டு, மக்களோடு கலந்து பழகுவதற்கும் புலனறி வேகத்துக்கும் உள்ள உறவைப் பார்த்தார்கள். சமூகப் பங்கேற்பின் முந்தைய அளவு வேகத்தின் பிந்தைய மாற்றத்தை முன்னறிவித்தது. எதிர்த்திசையில் அப்படி இல்லை. வேகம் குறைந்ததால்தான் முதியவர்கள் வீட்டுக்குள் ஒடுங்குகிறார்கள் என்ற விளக்கத்துக்கு இந்தத் தரவு இடம்கொடுக்கவில்லை. எனினும் இது பரிசோதனையன்று. இரண்டையும் பாதிக்கிற, அளக்கப்படாத ஒரு நோய் நடுவில் இருந்தால் மாதிரிக்கு அது தெரியாது. நிலையான தனியாள் வேறுபாட்டைக் கழித்துவிடலாம். காலத்தோடு தானும் மாறிக்கொண்டே வரும் மூன்றாம் காரணத்தைக் கழிக்க எந்தக் கணிதமும் தானாக முன்வராது.

எத்தனை நாள் இடைவெளியில் அளப்பது என்பதும் விடையை மாற்றும். இன்றைய கவலை நாளைய கவலைக்குள் 0.5 அளவு எடுத்துச் செல்லப்படுகிறது என்றால், ஒரு வாரம் கழித்து அதில் மிஞ்சுவது 0.008கூட இல்லை. இரவுக்கு இரவு நிகழும் ஒரு தொடர்பை ஆண்டுக்கு ஒருமுறை போய் அளப்பவருக்குத் தொடர்பே இல்லை என்றுதான் தெரியும். வெவ்வேறு இடைவெளிகளில் நடந்த இரண்டு ஆய்வுகளின் எண்களை அப்படியே ஒப்பிடுவதும் இதனால் தவறு. மாற்றத்தை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி, அளந்த இடைவெளி எதுவாயினும் அதற்கேற்பக் கணக்கிடும் தொடர்கால மாதிரிகள் இந்தச் சிக்கலுக்காகவே வந்தன. மறுபக்கம், அளவீடுகளை நெருக்கும் வழியும் உண்டு. 1970களில் சிகாகோவில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியும் ரீட் லார்சனும் பதின்ம வயதினரிடம் பேஜர்களைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நேரத்து மனநிலையைக் குறிக்கச் சொன்னார்கள். இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. ஒருவரிடமிருந்து நூறு அளவீடுகள் கிடைக்கும்போது, கவலைக்கும் தூக்கத்துக்கும் உள்ள இணைப்பின் வலிமையே ஆளுக்கு ஆள் வேறுபடுவதைக் கணக்கிட முடிகிறது.

அந்த வேறுபாடுதான் பீட்டர் மோலனார் 2004இல் எழுப்பிய பிரச்சினையின் உயிர். கூட்டத்தைப் பார்த்துக் கண்ட அமைப்பு தனியாளுக்கும் பொருந்த வேண்டுமானால், எல்லோரும் ஒரே விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். அந்த விதி காலத்தோடு மாறாமலும் இருக்க வேண்டும். இயற்பியலில் வாயு மூலக்கூறுகளுக்கு இப்படிப்பட்ட நிபந்தனைகளை வைத்துக் கணக்குப் போட முடிகிறது. வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும் மனிதர் இரண்டாம் நிபந்தனையைப் பிறந்த நாள் முதலே மீறுகிறார். மோலனாரின் வாதத்தை முழுமையாக ஏற்றால் உளவியல் பாடநூல்களின் பெரும்பகுதி கூட்டங்களைப் பற்றிய உண்மை. தனிமனிதரைப் பற்றி அவை மௌனம். அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறவர்கள்கூட, சராசரி இணைப்போடு அதைச் சுற்றியுள்ள பரவலையும் இப்போது வெளியிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் கீழே, அளவுகோல் மாறாமல் இருக்கிறது என்ற அனுமானம் கிடக்கிறது. மனச்சோர்வுக் கேள்வித்தாளில் தூக்கம் கெடுவதும் களைப்பும் அறிகுறிகள். 30 வயதில் அவை மனதைக் காட்டும். 90 வயதில் மூட்டுவலியையும் இரவில் நான்குமுறை எழ வேண்டியிருப்பதையும் காட்டலாம். மதிப்பெண் ஏறியது மனச்சோர்வு கூடியதாலா, கேள்வியின் பொருள் மாறியதாலா என்று முதலில் சோதிக்காமல் கோடு வரைவது வீண். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் வரும் பழக்கத்தின் பலனும் உண்டு. மெய்யான சரிவின் ஒரு பகுதியை அது மறைத்துவிடும்.

முதியவர்களை ஆராயும்போது வேறெதையும்விடப் பெரிய சிக்கல், பங்கேற்றவர்கள் இறந்துபோவது. ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சுகிறவர்கள் ஆரோக்கியமானவர்கள். அவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் முதுமை உண்மையில் இருப்பதைவிடக் கனிவானதாகத் தெரியும். ஒருமுறையே அளக்கப்பட்டவரையும் கணக்கில் வைத்துக்கொள்ளும் மதிப்பீட்டு முறைகள் இதை ஓரளவு ஈடுசெய்கின்றன. டெனிஸ் கெர்ஸ்டார்ஃபும் சகாக்களும் 2008இல் இறப்பையே அளவீட்டின் மையமாக்கினார்கள். பெர்லின் பங்கேற்பாளர்களில் அதற்குள் இறந்துவிட்ட 414 பேரின் வாழ்க்கைத் திருப்தி மதிப்பெண்களை, பிறந்த நாளிலிருந்து எத்தனை ஆண்டு என்று அடுக்காமல், இறப்புக்கு எத்தனை ஆண்டு முன்பு என்று அடுக்கிப் பார்த்தார்கள். வயதை அச்சாக வைத்தபோது தெளிவில்லாமல் கிடந்த வேறுபாடுகள் இந்த அச்சில் மேலும் தெளிவாக விளங்கின. கடைசி ஆண்டுகளில் சரிவு செங்குத்தானது. 80 வயதில் இறந்தவரும் 95 வயதில் இறந்தவரும் வயது அச்சில் ஒருவரையொருவர் குழப்புகிறார்கள். இறப்பு அச்சில் ஒரே வடிவத்துக்கு வருகிறார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு இந்த அச்சைப் போட முடியாது என்பது இதன் எல்லை. அளவீட்டு வரிசையையும் உயிர்வாழும் காலத்தையும் ஒரே மாதிரிக்குள் இணைத்துக் கணக்கிடும் முறைகள் அந்த எல்லையைத் தாண்டுவதற்காகப் பயன்படுகின்றன. அவற்றில் ஒருவரின் சாய்வும் அவர் விடைபெறும் வாய்ப்பும் ஒன்றையொன்று அறிந்தபடி மதிப்பிடப்படுகின்றன.